தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கம்

நெஞ்சு அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுக்கு எங்கள் காலத்தில் முதலில் காட்டுவது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலைத்தான். நோயாளியின் முகம், கேஸ் ஷீட் எல்லாம் அப்புறம். நுரையீரலில் கத்தி வைத்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றும் ரத்தமும் சேரும். அவை வெளியே வர, விலாக்களுக்கு நடுவே ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அதன் மறுமுனை பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். உள்ளே இருக்கிற காற்று குமிழிவிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பியூலாவ் என்ற ஜெர்மன் மருத்துவர் பரப்பிய முறை இது. இன்று தனியார் மருத்துவமனைகளில் எண்கள் ஒளிரும் டிஜிட்டல் பெட்டி வந்துவிட்டது. செய்கிற வேலை அதேதான்.

1980களின் நடுவில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் சேர்ந்தபோது எல்லாம் கண்ணாடிப் பாட்டில்கள். டியூட்டி மாறும்போது ஹெட் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலுக்கும் குனிந்து, குழாயில் தண்ணீர் ஏறி இறங்குகிறதா, இருமச் சொன்னால் குமிழி வருகிறதா, என்ன நிறத்தில் வடிகிறது, போன மணிக்கு எவ்வளவு என்று கேட்பார். தண்ணீர் ஏறி இறங்குவது நின்றுவிட்டதென்றால் நுரையீரல் முழுதாக விரிந்து இடத்தை நிரப்பிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒன்று நல்ல செய்தி, இன்னொன்று ஆளையே கொல்லும். எது என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அப்புறம் நோயாளியின் முகம்.

டாக்டர் வெளியே வந்து "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். நுரையீரல் ஆபரேஷனில் மேஜையிலேயே உயிர் போவது அபூர்வம். சங்கடங்களெல்லாம் அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் வரும். அவை கண்டபடி வருவதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு நாள் உண்டு. அந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

அந்தப் பாட்டிலால் வந்த ஒரு வினையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றும்போது யாராவது அதைத் தூக்கி நோயாளியின் கால்மாட்டில் வைத்தால் பாட்டில் தண்ணீர் திரும்ப நெஞ்சுக்குள் போய்விடும். இதற்குப் பயந்து குழாயில் கிளாம்ப் போட்டுவிட்டுக் கூட்டிப்போகும் பழக்கம் ஒரு காலத்தில் பல இடங்களில் இருந்தது. ஒரு நாள் எக்ஸ்-ரேவுக்குப் போன ஓர் இளைஞனுக்கு யாரோ நல்லெண்ணத்தில் இரண்டு கிளாம்ப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கோ காற்று நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயே தேங்கி, இதயத்தை மறுபக்கம் தள்ள ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்-ரே அறை வாசலில் கழுத்து நரம்பு புடைத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். கூடப் போன ஆயாம்மா படிக்காதவர், ஆனால் வார்டில் பல வருஷம் பழகியவர். "கிடுக்கிய எடுங்க!" என்று கத்தி அவரே எடுத்துவிட்டார். பாட்டில் கொதிப்பதைப்போல் குமிழிவிட்டது. சில நிமிஷங்களில் பையன் பேசினான். குமிழி வருகிற குழாய்க்குக் கிளாம்ப் போடாதே என்பது பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நான் அதைப் படித்தது அதற்கப்புறம்தான்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வார்டில் பெரும்பாலும் காசநோயின் மிச்சம் மீதிகள்தான் வரும். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடந்து குணமாவதைப்போல் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கே காட்டியது. அதன் பிறகு மெல்ல மெல்லக் காசநோய்க்கென்றே செய்கிற ஆபரேஷன்கள் குறைந்தன. அதற்கு முந்தைய தலைமுறையில் விலா எலும்புகளை வரிசையாக எடுத்து நெஞ்சை அமுக்கிவைத்தவர்கள் உண்டு. தோள் ஒருபக்கம் சரிந்து, சட்டை ஒருபுறம் தொங்க, தாம்பரம் பக்கம் அப்படிச் சில பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்தவர்கள் வேறு ரகம். நோய் போய்விட்டது, ஆனால் நுரையீரல் சிதைந்து சளிக்கிடங்காகிவிட்டது. அல்லது பழைய குழிக்குள் பூஞ்சை உருண்டை வளர்ந்து, கிண்ணம் கிண்ணமாக ரத்தம் துப்புகிறார்கள்.

முதல் இரவின் பயம் ரத்தம்தான். காசநோய் வந்த நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிரித்தெடுத்த இடமெல்லாம் கசியும். பூஞ்சை உருண்டை கேஸ் என்றால் இன்னும் மோசம். மணிக்கு ஐம்பது, நூறு மில்லி வடிந்து படிப்படியாகக் குறைந்தால் சரி. இருநூறு மில்லி வீதம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் திரும்ப தியேட்டர்தான்.

பூஞ்சை உருண்டை எடுத்த ஒரு லாரி கிளீனருக்கு மாலையிலிருந்து நன்றாக வடிந்துகொண்டிருந்தது, நள்ளிரவு தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. புதிதாக வந்திருந்த பெண் சந்தோஷமாக, "சிஸ்டர், ட்ரெயினே இல்ல, நின்னுடுச்சு" என்றாள். நான் போய்க் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. நாடி நூற்று முப்பதுக்கு மேல். ரத்தம் நிற்கவில்லை, குழாய்க்குள் கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட்டது. வடிந்தது அத்தனையும் உள்ளேயே தேங்கிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் ஓடிவந்தார், சீஃபுக்குப் போன் போனது, விடிவதற்குள் மறுபடி திறந்து கட்டிகளை அள்ளியெடுத்தார்கள். கசிந்தது விலாவோரத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய். அவரோடு லாரியில் வந்திருந்தவர்கள் ரத்த வங்கியில் வரிசையாக நின்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

ரத்தக் கண்டம் தாண்டிவிட்டால் இரண்டாம், மூன்றாம் நாள் இதயத்தின் முறை. நெஞ்சைத் திறந்து, இதயத்தை ஒட்டிய இடத்திலெல்லாம் கைவைத்த எரிச்சலோ, உடம்பின் நீரும் உப்பும் மாறுவதோ, சிலருக்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிக்கும். ஏ.எஃப். என்போம். அறுபது தாண்டியவர்களுக்கு அதிகம், முழு நுரையீரலை எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். நோயாளி "நெஞ்சு படபடங்குது" என்பார், அல்லது ஒன்றுமே சொல்லாமல் வியர்த்துக் கிடப்பார். எல்லாக் கட்டிலுக்கும் மானிட்டர் இல்லாத காலம் அது. மணிக்கட்டில் ஒருத்தி நாடி எண்ண, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து இன்னொருத்தி எண்ணுவோம். நெஞ்சில் நூற்று நாற்பது, மணிக்கட்டில் நூற்றுப்பத்து என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அடங்காமல் விட்டால் இதய அறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நாங்கள் எண்ணுவதைப் பார்த்துவிட்டுத் தானும் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். ராத்திரி மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "மேடம், சீரா இல்ல" என்றார். உண்மைதான், அவர்தான் முதலில் கண்டுபிடித்தது.

இந்த இரண்டைக் காட்டிலும் அதிகம் பேரைப் படுத்தியதும், சத்தமில்லாமல் அதிகம் பேரைக் கொண்டுபோனதும் சளி. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நுரையீரலையே வெட்டியெடுத்த ஆபரேஷனில் சளியா பெரிய விஷயம் என்பார்கள்.

விலாக்களை விரித்து ஆபரேஷன் செய்த வலி சாதாரண வலியில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும். வலிப்பதால் மேலோட்டமாக மூச்சுவிடுவார்கள், இருமமாட்டார்கள். இருமாததால் சளி தேங்கும். மீதமுள்ள நுரையீரலில் ஒரு பகுதி காற்றுப்போகாமல் சுருங்கும், அதில் கிருமி சேரும், நான்காம் ஐந்தாம் நாள் காய்ச்சலும் நிமோனியாவும். பீடி குடித்த நுரையீரல் என்றால் சளி பசையாட்டம் இருக்கும். இதோடு கூடவே ஒரு நம்பிக்கை: இருமினால் தையல் பிரிந்துவிடும் என்பது. எத்தனை மனைவிமார்கள் புருஷனின் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்! "இருமாதீங்க, இருமாதீங்க, அடக்கிக்கோங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறுவார்கள். நாங்கள் போய், "இருமுங்க ஐயா, நல்லா இருமுங்க" என்றால் எங்களை ராட்சசிகளைப்போல் பார்ப்பார்கள்.

வார்டுக்கு வந்த பிசியோ பெண் ஒருத்தி ஒரு தலையணையை எடுத்துத் தையல் போட்ட பக்கம் வைத்து, அதை நோயாளியே இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தாள். தையல் பிரியாது என்று அந்தத் தலையணை கொடுக்கிற தைரியத்தில் பாதிப் பேர் இருமிவிடுவார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி அப்புறம் வந்தது. உறிஞ்சி மூச்சிழுத்தால் பந்து மேலே ஏறும். ஆனால் அதைப் பரிசோதனைக் கருவி என்று நினைத்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் மூன்று பந்தையும் தூக்கிக் காட்டிவிட்டு மற்ற நேரம் ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள். அதனால் பேரப்பிள்ளைகளைப் பொறுப்பாக்கினேன். தாத்தா மணிக்குப் பத்துத் தடவை இழுக்கிறாரா என்று எண்ணச் சொன்னால் குழந்தைகள் விடமாட்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை வலி குறைய வேண்டும். எனக்கு வருத்தமான காலம் என்றால் ஆரம்ப வருஷங்கள்தான். பெத்திடின் ஊசி ஆறு மணிக்கொரு தடவை, எட்டு மணிக்கொரு தடவை. அதிகம் கொடுத்தால் மூச்சு மந்தமாகும், பழகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். ஊசி போட்டால் தூங்கிவிடுவார்கள், தூங்கினால் இருமமாட்டார்கள். தெளிந்தால் வலி, வலித்தாலும் இருமமாட்டார்கள். முதுகுத்தண்டின் ஓரமாக மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுவிடும் எபிடியூரல் முறை எங்கள் வார்டில் பழக்கத்துக்கு வந்தபோதுதான், ஆபரேஷன் ஆன மறுநாளே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்தேன். அதிலும் தொல்லை உண்டு, ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் கட்டும். இருந்தாலும் எனக்குக் கத்தியில் வந்த மாற்றங்களைவிட வலியைக் கட்டுப்படுத்தியதில் வந்த மாற்றமே அதிக உயிர்களைக் காப்பாற்றியதாகத் தோன்றுகிறது. சர்ஜன்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மயக்க மருந்து டாக்டர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

எங்கள் சீஃப் ஒருவர் கையெழுத்து வாங்கும்போது சுற்றிவளைக்காமல் சொல்வார். நுரையீரலின் ஒரு மடலை மட்டும் எடுத்தால் நூறு பேரில் இரண்டு மூன்று பேர் பிழைப்பதில்லை. ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தால் ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை. வலது பக்கமென்றால் இடதைவிட ஆபத்து அதிகம். "எங்க அப்பா எந்தக் கணக்குல வருவாரு?" என்று மகன் கேட்டால் அதற்குப் பதில் காகிதத்தில் இல்லை. சீஃப் எழுந்து, "வாங்க பெரியவரே" என்று கூட்டிக்கொண்டு படி ஏறுவார். மூச்சுத் திறன் சோதனை எந்திரம் எல்லா இடத்திலும் வருவதற்கு முன்பிருந்தே சர்ஜன்களுக்கு உள்ள அளவுகோல் அது. நிற்காமல் மூன்று மாடி ஏறினால் ஒரு மடலை எடுக்கத் தாங்குவார், ஐந்து ஏறினால் முழு நுரையீரல். அதற்கப்புறம்தான் எந்திரம், ஸ்கேன் எல்லாம். முதல் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றவர்களுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய நாட்களும் உண்டு. பீடியை விட்டு ஒரு மாதம் கழித்து வா என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு வா, சர்க்கரையைக் குறைத்துவிட்டு வா என்பதும் அப்படித்தான். வார்டில் எங்களுக்கு வந்து சேரும் தொல்லையில் பாதி இந்த நாட்களில் குறைந்துவிடும்.

முழு நுரையீரலை எடுப்பது தனிக் கதை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் 1933-இல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே மூச்சில் எடுத்துச் சாதித்தார். நோயாளியும் ஒரு டாக்டர், ஜேம்ஸ் கில்மோர். வகுப்பெடுக்கும்போது சீஃப் இதைச் சொல்லாமல் விடமாட்டார். ஏனென்றால் கில்மோர் அதன் பிறகு முப்பது வருஷம் வாழ்ந்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-இல் எழுதியவர்களில் ஒருவரான கிரஹாமோ, நீண்ட காலம் சிகரெட் பிடித்தவர், 1957-இல் அதே புற்றுநோயால் போய்விட்டார்.

எடுத்த பிறகு அந்த இடம் காலியாகிவிடும். காற்று மெல்லக் கரைந்து, நீர் ஊறி, வாரக்கணக்கில் நிரம்பும். இதயம் அந்தப் பக்கம் சாயாமல் நடுவில் நிற்கிறதா என்று தொண்டைக்குழியில் விரல் வைத்து மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா பார்ப்போம். முழு நுரையீரலை எடுத்தவர்களின் நெஞ்சுக் குழாய்க்கு மட்டும் கிளாம்ப் போட்டு மணிக்கொரு நிமிஷம் திறப்பார்கள். உறிஞ்சும் எந்திரத்தை இதில் மாட்டினால் இதயமே அந்தப் பக்கம் இழுபட்டுவிடும்.

ஆனால் இந்தக் கேஸ்களில் எனக்குச் சண்டை எப்போதும் குளுக்கோஸால்தான் வரும். நம் ஊரில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம். ஏற்றாத நோயாளியை டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். "நேத்துலேர்ந்து ஒரு பாட்டில்கூட ஏத்தல, ஆளு வாடிப்போயிட்டாரு" என்று மாமியார், மச்சான் எல்லாம் சூழ்ந்துகொள்வார்கள். ஒரே நுரையீரலில் முழு உடம்பின் ரத்தமும் ஓடவேண்டிய நிலைமை. அதிகம் தண்ணீர் ஏற்றினால் அந்த ஒன்றும் நீர் கோத்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், எக்ஸ்-ரேயில் நல்ல பக்கம் வெள்ளையாகும். அப்படி ஆனவர்களில் பாதிக்கு மேல் திரும்பியதில்லை. தண்ணீரே ஏற்றாமல் பார்த்துக்கொண்டும் சிலருக்கு வந்தது, ஏன் என்று பெரிய டாக்டர்களே கையை விரிப்பார்கள். அதனால் குடிக்கிற காபி, ஊசியில் போகிற மருந்து நீர் எல்லாவற்றையும் கணக்கெழுதினோம். அந்தத் தாள் வார்டில் மிக முக்கியமான தாள், யாரும் படிக்க விரும்பாத தாளும் அதுதான்.

எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை இன்னொரு கண்டம். மூச்சுக்குழாயை வெட்டித் தைத்த முனை விட்டுக்கொள்வது. முன்பு பட்டு நூலால் தைப்பார்கள், பிறகு வேறு நூல்கள், பிறகு ஸ்டேப்ளர். முனையின் மேல் பக்கத்துத் தசையையோ சவ்வையோ எடுத்துப் போர்த்தித் தைக்கும் பழக்கமும் வந்து இது நன்றாகக் குறைந்தது. ஸ்டேப்ளர் விலை ஏழைகளுக்கு எட்டாத காலம் ஒன்று இருந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு நிலைமை மாறியது. என்றாலும் சர்க்கரை உள்ளவர்கள், கதிர்வீச்சு வாங்கியவர்கள், சத்துக்குறைவானவர்கள், வலது பக்கம் முழுதாக எடுத்தவர்கள், இவர்களிடம் எந்த நூலும் உத்தரவாதம் தராது.

குழாயெல்லாம் எடுத்தாகிவிட்டது. நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று ஒருவர் சந்தோஷமாக இருந்தார். சர்க்கரை நோயாளி, வலது பக்கம் முழுதாக எடுத்தவர். ராத்திரி திடீரென்று இருமினார். வாய் நிறையப் பழுப்பும் சிவப்புமாகத் தண்ணீர். சளியாக இல்லை, தண்ணீராக. காலியிடத்தில் ஊறியிருந்த நீர் ஓட்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் பாய்கிறது என்று அர்த்தம். அடுத்து அது இருக்கிற ஒரே நல்ல நுரையீரலில் கொட்டும், ஆள் தன் நெஞ்சுத் தண்ணீரிலேயே மூழ்கிப்போவார். அவர் தம்பி வலிக்காமல் இருக்கட்டும் என்று ஆபரேஷன் ஆகாத பக்கம் திருப்பிப் படுக்கவைக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்து, தையல் உள்ள பக்கமே அடியில் வரும்படி சாய்த்து உட்காரவைத்தேன். அந்தப் பக்கம் கீழே இருந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். டாக்டர் வந்து கட்டிலிலேயே புதுக்குழாய் போட்டு வடித்தார்.

அவர் பிழைத்தார், ஆனால் அந்த இடம் சீழ் பிடித்துவிட்டது. மாதங்கள் கழித்து இரண்டு விலாத் துண்டுகளை எடுத்து, தோலை உள்பக்கம் மடித்துத் தைத்து, நெஞ்சில் நிரந்தரமாக ஒரு ஜன்னல் வைத்தார்கள். அவர் மனைவிக்கு நான்தான் துணி அடைக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை அந்தக் குழிக்குள் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டவர், பிறகு வருஷக்கணக்கில் தினமும் வீட்டிலேயே அதைச் சுத்தம் செய்து கட்டினார். அவ்வப்போது பரிசோதனைக்கு வருவார்கள். "கடையத் தொறந்துட்டேன் சிஸ்டர்" என்று அவர் சொல்வது மளிகைக் கடையையா இந்த ஜன்னலையா என்று கேட்டு அந்த அம்மா சிரிப்பார்.

ஆபத்தில்லாத, ஆனால் ஊரையே கூட்டிவிடும் ஒன்று உண்டு. கசிகிற காற்று குழாய் வழியாக வராமல் தோலுக்கடியில் ஏறுவது. ஒரு பாட்டிக்கு ஒரே இரவில் கழுத்து, கன்னம், கண்ணிமை எல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் போய்விட்டது. தொட்டால் அப்பளம் நொறுங்குவதுபோல் தோலுக்கடியில் நெறுநெறு என்னும். மகள் வார்டே அதிர அழுதாள். பாட்டி மட்டும் மூக்கால் பேசுகிற குரலில், "எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தாண்டி இருக்கு, கண்ணுதான் தெரியல" என்றார். அதுதான் கேட்க வேண்டிய ஒரே செய்தி. குழாயைச் சரிசெய்தார்கள், நாலைந்து நாளில் முகம் பழையபடி ஆனது. காற்றுக் கசிவு ஐந்தாறு நாளுக்கு மேல் நிற்காதவர்களுக்கு, அவர்கள் ரத்தத்தையே ஐம்பது நூறு மில்லி எடுத்துக் குழாய் வழியாக நெஞ்சுக்குள் செலுத்துவதும் உண்டு. அது உறைந்து ஓட்டையை அடைத்துவிடும். செலவில்லாத வைத்தியம். சிலர் குழாயும் பையுமாகவே வீட்டுக்குப் போய் வாரங்கள் கழித்து வந்து எடுத்துக்கொள்வார்கள்.

இடது மேல் பகுதியில் ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்குக் குரல் கம்மிப்போகும். குரல்நாணுக்குப் போகிற நரம்பு அந்தப் பக்கம் நெஞ்சுக்குள் இறங்கித் திரும்பி மேலே ஏறுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறும். குரல் போனதைவிடப் புரையேறுவதுதான் கவலை, சளிக்கட்டும் நிமோனியாவும் அதில் வந்துவிடும். இன்னும் அபூர்வமாக, சாப்பிட ஆரம்பித்த பிறகு பாட்டிலில் பால் நிறத்தில் வடியும். கொழுப்பைக் கொண்டுபோகும் நாளம் அறுந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வீட்டுக்குப் போன பிறகும் விடாதது வலி. மார்புக்குக் கீழே, விலாவோரமாக, எரிகிற மாதிரி, மரத்த மாதிரி, துணி பட்டால் கூசுகிற மாதிரி. விலா நரம்பு நசுங்கியதால் வருவது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். ஆண்கள் டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள். பெண்கள் சொல்லமாட்டார்கள். பரிசோதனை முடிந்து வெளியே வந்து என் காதோரம், "ரவிக்கை போட முடியல சிஸ்டர், கீழ்ப்பட்டி உரசினா உயிர் போகுது" என்பார்கள். தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள், உள்ளே மெல்லிய பருத்தித் துணி வையுங்கள், நரம்பு வலிக்கென்று தனி மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லித் திரும்ப உள்ளே அனுப்புவேன். கையெழுத்து வாங்கும் காகிதத்தில் உயிராபத்து வரைக்கும் எழுதியிருக்கும், ரவிக்கையைப் பற்றி ஒரு வரி இருக்காது.

என் கடைசி வருஷங்களில் கேமரா வழியாகச் சின்னத் துளைகளில் செய்வது அதிகமாகிவிட்டது. விலாவை விரிப்பதில்லை. வலி குறைவு, இருமல் சுலபம், மூன்றாம் நாலாம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நல்லதுதான், மருத்துவமனையில் படுத்துக்கிடந்து கால் நரம்பில் ரத்தம் உறைவதும் குறைந்தது. ஆனால் எட்டாம் நாள் எட்டாம் நாளாகவேதான் இருக்கிறது. முன்பு அது எங்கள் கண்ணெதிரே வார்டில் கழியும், இப்போது திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கழிகிறது. குனிந்து பார்க்க நர்ஸ் கிடையாது, மருமகள்தான் இருக்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். எந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் தெரிந்தவர்கள் போன் செய்கிறார்கள். முதலில் ஆபரேஷன் ஆகி எத்தனையாவது நாள் என்று கேட்பேன். காய்ச்சலா, நாடி எண்ணத் தெரியுமா, படியேறினால் நேற்றைவிட இன்று மூச்சு வாங்குகிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று கேட்பேன். இருமினால் வருவது சளியா தண்ணீரா என்றும் கேட்பேன். தண்ணீர் என்றால் மேற்கொண்டு பேசுவதில்லை. ஆபரேஷன் ஆன பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு 108-க்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவேன்.